உன் அம்மாவிடம் நான் கொடுத்த மனு

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறோம், நீ பயந்தபடி ஒன்றும் ஆகவில்லை. உன் சளி விட்டதா?

அம்மா நகரசபைத் தேர்தலில் நிற்கிறாள் என்றதும் நீ போனில் சிரித்தாய், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நம் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்களெல்லாம் "என்ன சார், வீட்டுலயே எதிர்க்கட்சியா?" என்று என் வாயைக் கிளறினார்கள். ஒரு ஏற்பாடு வெகுகாலம் நிலைத்திருந்தால் பலபேர் பட்டறிந்தது அதற்குள் இருக்கும், அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்த ஏற்பாட்டில் இடமே கிடைக்காதவங்களை யாரு கேட்டா என்பது அவள் கட்சி. இந்தத் தடவை சண்டை பழைய மார்க்கெட் கட்டடத்துக்காக. படியேற முடியாதவர்கள் உள்ளே வர வழியில்லை, அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, இடித்துக் கட்டவேண்டும் என்றாள். இடித்தால் பரம்பரையாகக் கடை வைத்திருப்பவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்றேன். சில நாள் உப்பைக்கூட ஜாடையில்தான் கேட்டேன். பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் அவளே எதிரில் வந்து உட்கார்ந்து, "உங்களைவிட நல்லா எதிர்த்துப் பேச எனக்கு யாரு இருக்கா, ஆரம்பிங்க" என்றாள். நானும் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். கடைக்காரர்கள் கதி என்ன என்றதும் அவள் முகம் வாடி, அதைத் தாளில் குறித்துக்கொண்டாள், எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. மறுநாள் மேடையில், அவரவருக்கு அதே இடம், அதே வாடகை என்று எழுதிக் கொடுக்காமல் ஒரு செங்கல்லையும் எடுக்கவிடமாட்டேன் என்றாளே பார்க்கலாம்! நானும் கைதட்டினேன். ஆனாலும் ஓட்டை மாற்றிப் போடவில்லை, வீட்டுக்கு வந்து அதைச் சொல்லியும்விட்டேன். "தெரியும், எனக்குப் போட்டிருந்தாத்தான் உங்களுக்கு உடம்புக்கு என்னமோன்னு பயந்திருப்பேன்" என்றாள்.

ஜெயித்துவிட்டாள் மகளே. நேற்று அவள் அலுவலகத்தில் முதல் மனு நான் கொடுத்ததுதான், மார்க்கெட் முன்வாசல் வளைவையாவது இடிக்க வேண்டாம் என்று. வரிசையில் முதல் ஆளாக நின்றேன். அவள் முழுக்கப் படித்துவிட்டு, "பரிசீலிக்கிறேன், அடுத்தவங்க வாங்க" என்றாள். பார்க்க அவ்வளவு கம்பீரம்.

உன் மாமனாரோடு அரசியல் பேசி மனஸ்தாபம் என்று எழுதியிருந்தாய். பேசு, ஆனால் அவர் சொல்வதில் எது நியாயம் என்று முதலில் தேடு. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியின்றிச் சிரித்த முகமாக இருக்க வேண்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதே. நாளை நகரசபைக் கூட்டத்தில் அம்மா என் மனுவை எதிர்த்துப் பேசப்போகிறாளாம், முன்வரிசையில் இடம்பிடிக்கச் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா