சொளகுக்கு மூன்று வேலை

ஆவணி 2, ஞாயிறு.
வெயில். ஆடிக் காற்று நின்றுவிட்டது.

என் சாமான் அறைச் சாவியைக் கொழுந்தன் பறித்துக்கொண்டார். அநியாயம். உள்ளே இருப்பது என் ஆத்தா எனக்குச் சீராகக் கொடுத்த பாத்திரங்கள். இந்த வீட்டில் வேறு யாருக்கும் அதில் பாத்தியதை இல்லை. செவ்வாய்தோறும் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் என்னிடம் சொல் பாடத்துக்கு வருவதும் நின்றது.

காரணம்: அவர் மகள் வள்ளியம்மைக்குப் பேசியிருந்த நாட்டரசன்கோட்டைச் சம்பந்தம் தட்டிப்போயிற்று. பழி என் சொல் பாடத்தின்மேல்.

நான் செய்தது இவ்வளவே. கல்யாண வீட்டில் சீர் பரப்புவதுபோல் பாத்திரங்களைப் பரப்பினேன். பாதிப் பேர் பெண் வீடு, பாதிப் பேர் மாப்பிள்ளை வீடு. இது என்ன, எதற்கு என்று மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லிக் கேட்க, பெண் வீட்டார் பதில் சொல்ல வேண்டும். ஒருத்தி சொன்ன சொல்லை இன்னொருத்தி சொல்லக்கூடாது. தவலை எது, கொப்பரை எது என்று தெரியாத பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு பேசின.

கொழுந்தன் கேட்டார்: "ஆடி மாசம், ஆச்சி. அதுவும் தாலியிழந்த நீங்க. சீர் பரப்பலாமா?"

"பரப்பினது பாடம்."

"ஊருக்கு அது தெரியுமா? வாசப்பக்கம் வராதீக. உள்ளயே இருங்க."

ஆவணி 4, செவ்வாய்.
புழுக்கம். பல்வலி. நல்லெண்ணெய் தீர்ந்தது, சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் வரும் நேரம். யாரும் இல்லை. என் கணவர் போனபின் வாசல் முகப்பைத் தாண்டியதில்லை. ஊர் வழக்கம் என்று பொறுத்தேன். இப்போது வீட்டுக்குள்ளும் எல்லை. அடுப்படி, முற்றத்தைச் சுற்றிய வளவு, மறுபடி அடுப்படி. வானம் முற்றத்து அளவு.

பின் சந்தில், அடுப்படிச் சன்னலண்டை பிள்ளைகளின் வாத்தியாரம்மா.

"சொல்லையெல்லாம் கரும்பலகையில எழுதிப் போட்டேன் ஆச்சி. பாத்து எழுதுதுக. கேட்டா முழிக்குதுக."

"கொட்டாவி விடுதுகளா?"

"நானே விடுறேன்."

ரங்கூனிலிருந்து என் கணவர் எழுதியதைக் கொழுந்தன் வாயால் கேட்க வெட்கப்பட்டு, நானே எழுத்துக்கூட்டிப் படித்தவள். சொல் இல்லாதவள் அடுத்தவர் சொன்னதையே நம்பிக் கிடக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

அடுப்படிக்குப் பூட்டு இல்லை. நாளை பிள்ளைகளைச் சந்துக்குக் கூட்டிவரச் சொன்னேன்.

ஆவணி 5, புதன்.
காலையில் தூறல். மண்கூட நனையவில்லை.

சன்னல் கம்பி வழியே ஒரு சாமானின் ஓரத்தை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

"சொளகு!" முந்திக்கொண்டவள் சிகப்பிதான்.

"பேர் போதாது. என்ன செய்யும்?"

"புடைக்கும்."

அரிசி போட்டு, உமி பறக்கத் தட்டினேன். சரி. பிறகு பக்கவாட்டில் அசைத்து நொய்யைப் பிரித்தேன். "இதுவும் அதுதானா?" பின்னாலிருந்து உமையாள்: "கொழிக்கிறது. எங்காத்தா சொல்லும்." கல்லை ஓரம் ஒதுக்கினேன். "நாவுறது!" நாலைந்து குரல்.

உமையாள்: "சிகப்பி வாயைப் புடைச்சா உமிதான் வரும்."

சிகப்பி: "ஒன் வாயை நாவுனா வெறுங் கல்லு."

சந்து முழுக்கச் சிரிப்பு. அதுவே வினை. கொழுந்தன் வந்து நின்றார்.

"இங்குட்டும் ஆரம்பிச்சுட்டீகளா? நாளைக்கு ஆசாரி வாராரு. சன்னலுக்குப் பலகை அடிக்க."

"அடுப்படி இருட்டாகும்."

"வெளக்கு ஏத்திக்கங்க."

அவர் போனபின் வள்ளியம்மை சொளகை என் கையிலிருந்து வாங்கி மாட்டினாள். "கொழிக்கிறதுன்னுதான் நானும் நெனச்சேன், பெரியாத்தா."

ஆவணி 6, வியாழன்.
விடிந்துவிட்டது. மேகம். ஆசாரி இன்னும் வரவில்லை. நடக்க வேண்டியவை:

கொழுந்தன்: சாவியைத் திருப்பித் தர வேண்டும். யார் கையிலும் கொடுத்தனுப்பக் கூடாது. பறித்த இடத்தில், அவரே.

ரங்கூனில் இருக்கும் என் சுவீகாரப் பிள்ளை: பாத்திரம் என்னுடையது என்று சித்தப்பாவுக்கு எழுத வேண்டும். இன்றே கடிதம் போட வேண்டும்.

வள்ளியம்மை: சன்னலில் என் பக்கத்தில் உட்கார வேண்டும்.

நான்: கம்பியைப் பிடித்த கையை எடுக்கக்கூடாது. அடிப்பதானால் கையோடு சேர்த்து அடிக்கட்டும்.

வாத்தியாரம்மா: பிள்ளைகளை வழக்கம்போல் சந்துக்குக் கூட்டிவர வேண்டும், ஆசாரி வரும்முன்.

பிள்ளைகள்: ஆசாரி பையைத் திறந்ததும், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் என்ன பேர், என்ன வேலை என்று அவரிடமே கேட்க வேண்டும். இன்றைய பாடம் அது.