வைண்டிங் பிரிவிலிருந்து மாற்றுப் பணி

அனுப்புநர்
கோமளா,
க/பெ நஞ்சுண்டன்,
நல்லாம்பாளையம், கோயம்புத்தூர்.

பெறுநர்
தொழிலாளர் உதவி ஆணையர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: அறுவை சிகிச்சைக்குப் பின் என் கைக்கு ஏற்ற வேலையில் மீண்டும் சேரவும், வைண்டிங் பிரிவுப் பெண்களின் கைகளைக் காக்கவும் ஆவன செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் கணபதி பகுதியிலுள்ள மோட்டார் பம்பு தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகளாக வைண்டிங் பிரிவில் வேலை செய்து வருகிறேன். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். மோட்டாரின் இரும்புக் கூட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள்களை விரலால் அழுத்திச் செருகுவது என் வேலை.

சென்ற ஆண்டு ஆடி மாதம் வலது கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. காப்பி டம்ளர் கை நழுவி விழுந்தது. மகள் ரித்திகாவுக்குத் தலை பின்னிவிட முடியவில்லை. வெளியில் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சி, கையை உதறி உதறியே வேலை பார்த்தேன். பொங்கலுக்குள் கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றிவிட்டது. மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, முன்பே வந்திருந்தால் அறுவை சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது என்றார் மருத்துவர்.

அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கை தேறிவிட்டது. கம்பி செருகும் வேலை மட்டும் கூடாது, மற்ற வேலைகளைச் செய்யலாம், செய்வதே விரல்களுக்கு நல்லது என்று மருத்துவர் சான்று தந்துள்ளார். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது மேலாளர் திரு. கிருபாசங்கர் மரியாதையாகத்தான் பேசினார்: "வந்தா பழைய வேலைக்கு வாங்க. இல்லீன்னா எழுதிக் குடுத்துட்டு நின்னுக்குங்க. அரை வேலைக்கு இங்க எடமில்லீங்கம்மா."

அறுவை சிகிச்சையைவிட, வீட்டில் சும்மா இருந்த நாட்களே எனக்குக் கடினமாக இருந்தன. என் கணவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆயினும் காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் எங்கள் வீதியைக் கடக்கும் நேரத்தில் நான் வெளியே வருவதில்லை.

அந்நிலையில் எங்கள் சூப்பர்வைசர் திரு. அமீர் ஹம்சா போன் செய்தார். "ஏனுங்கக்கா, டெஸ்டிங்ல ஒரு புள்ள கல்யாண லீவுல போயிருக்குது. உக்காந்து மீட்டர் பாக்குற வேலைதானுங்க. வாரீங்களா?" என்று கேட்டார். சென்றேன். முதல் நாள் காலையில் இருந்த பயம் மாலைக்குள் போய்விட்டது. கையும் வலிக்கவில்லை. வீடு திரும்பும்போது பூ வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்பெண் விடுப்பு முடிந்து வந்ததும் என்னை மீண்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இம்மாத இறுதிக்குள் விலகல் கடிதம் கேட்கிறார்கள். நான் தரவில்லை. டெஸ்டிங் பிரிவுக்குப் புதிதாக ஆள் எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டு மேலாளரை மறுபடியும் சந்தித்து, அவ்விடத்தை எனக்குத் தரக்கூடாதா என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "லேபர் ஆபீஸ்ல கூப்பிட்டுப் பேசுனாங்கன்னா, நானும் மொதலாளிகிட்டத் தெம்பாச் சொல்லுவேனுங்க" என்றார். அந்த வார்த்தையை நம்பியே தங்களுக்கு எழுதுகிறேன்.

ஆகவே, தாங்கள் இரு தரப்பையும் அழைத்துப் பேசி, டெஸ்டிங் பிரிவில் எனக்கு வேலை கிடைக்க உதவ வேண்டும். வைண்டிங் பெண்களுக்கு வேலைக்கு நடுவே கைக்கு ஓய்வும், அவ்வப்போது மருத்துவப் பரிசோதனையும் கிடைக்கச் செய்ய வேண்டும். மரத்துப்போன கையை மறைக்காமல் காட்டினாலும் வேலை போகாது என்ற உறுதிமொழியை நிறுவனத்திடம் பெற்றுத் தந்தால், அதுவே பெரிய மருந்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் பழனியாத்தாள் என்பவருக்கும் இப்போது விரல் மரக்கிறது. "உன்னாட்ட என்னையும் ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க கண்ணு, எம்பேர எழுதிராத" என்று முதலில் மன்றாடினார். நேற்று, இதுவரை எழுதியதை அவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். மருத்துவர் சொன்னதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எம்பேரையும் எழுது அம்மணி. நானும் வாரேன்" என்றார். நாளை அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன். தாங்கள் அழைக்கும் நாளில் நாங்கள் இருவரும் வருவோம்.

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) கோமளா
(ஒப்பம்) பழனியாத்தாள்

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 12.08.2024

இணைப்பு: மருத்துவச் சான்றின் நகல், நிறுவன முகவரி