ஜட்ரோபா எண்ணெயில் சுட்ட பஜ்ஜி

புனே, 18.5.1997

அன்புள்ள அம்மாவுக்கு மருதாசலம் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலைங்களா? நான் நலம், முந்தாநாள் மட்டும் கொஞ்சம் வாந்தி.

டீசலுக்காக நம் கடலைக்காட்டில் ஜட்ரோபா நடச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள், அது என்ன பயிர் என்று ஊருக்கு வந்த சாமுவேல் அண்ணனிடம் கேட்டனுப்பியிருந்தீர்கள். எங்கள் எஞ்சின் ஷெட்டுக்கும் அந்த எண்ணெய் சோதனைக்கு வந்தது. டின்மேல் இருந்த மராத்தி புரியாமல், புதுச் சமையல் எண்ணெய் என்று நினைத்து பஜ்ஜி சுட்டுப்போட்டேன். எஞ்சினுக்கு ஒத்துக்கொண்டது, எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம் ஷெட்டில் அந்த எண்ணெய் எடுக்கும் கொட்டையைக் காட்டினார்கள். நம் வேலியில் ஆடுகூட வாய் வைக்காத காட்டாமணக்குதான் அம்மா அது.

அந்த ஆட்கள் மறுபடி வந்தால், "வேலியிலயே நிக்குதுங்க, பறிச்சுக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். காட்டில் கடலையே போடுங்கள்.

செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் கொஞ்சம், சாமுவேல் அண்ணன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புங்கள். ஷிப்டுக்கு மணி அடிக்கிறது. டின்மேல் உங்கள் கையாலேயே எண்ணெயின் பெயரை எழுதுங்கள். தமிழில் எதையாவது படித்து நாளாயிற்று.

உங்கள் மகன்,
மருதாசலம்