செவ்வாய் நான்கு மணி வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஓடெட் எழுதுகிறேன். நான் நலம். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி முகாம் நடக்கும் ஒஹாயோவில் வெயில் எப்படி? இடது முழங்கால் வீக்கம் வடிந்ததா? விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் பிடித்து எழுதுகிறேன், வார்டனுக்குத் தெரியாது.

போன ஞாயிறன்று நான் போன் செய்ததும், யாரென்று பார்க்காமலே, "சொல்லுங்க சார், ஆட்டப் புத்தகத்த எடுத்துட்டு வந்துடறேன்" என்றீர்கள். அணி அலுவலகத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டீர்கள்; ஒருவரை நீக்கும்போது ஆட்டத் திட்டங்கள் உள்ள அந்தப் புத்தகத்தைத்தானே முதலில் திருப்பிக் கேட்பார்கள். பிறகு, "நீயா குட்டி! உயிரே போயிடுச்சு" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த முதல் குரலை நினைத்தால் பயமாக இருக்கிறது. வரும் செவ்வாய் மாலை நான்கு மணிக்குள் யார் யார் அணியில் என்ற பட்டியல் முடிவாகிவிடும். அதுவரை நான் கூப்பிட மாட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே விடுதியில் என்னோடு படிக்கும் பிரின்லி, "உங்கப்பா இந்த வாரம் எந்த டீம்டி?" என்று சீண்டினாள். "பதினோரு வருஷத்துல ஆறு டீம். பந்தத் தூக்கிட்டு ஓடி வந்தவங்க யாரையாவது கேட்டுப்பாரு, எங்கப்பாவ மறந்திருக்க மாட்டாங்க. அவங்க விலா எலும்பு சொல்லும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான்.

நீங்கள் அத்தனை பேர் மீது மோதி விழுந்து எழுந்ததால்தான் நான் இங்கே படிக்கிறேன். நன்றி அப்பா. பட்டியலில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் அந்த நன்றி குறையாது.

உங்கள் பழைய பயிற்சிச் சட்டை ஒன்றை அனுப்புங்கள், தூங்கும்போது போட்டுக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

வார்டன் வருகிறார். செவ்வாய் நான்கு மணி தாண்டிப் போன் அடித்தால் அது நான்தான். பயப்படாமல் எடுங்கள்.

உங்கள் ஓடெட்