கொடை முடியும் மட்டும்

பாளையங்கோட்டை,
ஆடி வெள்ளி.

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

சித்ரலேகா வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் மதுமதியும் மஸ்கட்டில் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசலாம்தான். ஆனால் நான் எடுத்தால் "தம்பிட்ட குடும்மா" என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பாதியில் யாரும் என் கையிலிருந்து வாங்க முடியாதல்லவா.

திங்கட்கிழமை காலை கல்லூரி அலுவலகத்துக்குப் புறப்பட்ட என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி, அங்கே போய்ச் சேரவில்லை. மறுநாள் மத்தியானம் வள்ளியூர் சந்தையிலிருந்து ஷேக் மைதீன் என்று ஒரு பழக்கடைக்காரர், அவருடைய போனிலேயே என்னைக் கூப்பிட்டார். உங்கள் தம்பி சட்டையில்லாமல், தெருப்புழுதியை நெற்றியில் அள்ளிப் பூசிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குறி சொல்லியிருக்கிறார். குடிகாரன் என்று நினைத்து நாலு பேர் அடித்துவிட்டார்கள். புருவம் கிழிந்து தையல் போட்டிருக்கிறது. பழக்கடைக்காரர்தான் குறுக்கே விழுந்து தடுத்து, தன் சட்டையைப் போட்டுவிட்டிருக்கிறார். நான் போய் இறங்கினதும், "நல்ல மனுசம்மா. பைய கூட்டிட்டுப் போங்க" என்றார். முன்பின் தெரியாதவர்.

இதே ஆட்டத்தை நம் மாடசாமி கோயிலுக்குள் ஆடினால் காலில் விழுகிறோமே, அத்தான். சாமியாடியாக இருந்த மாமா, உங்கள் அப்பா, காலமான பிறகு யார் மேலும் சாமி வரவில்லை என்று குடும்பமே ஏங்கிக் கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின கொடைத் திருவிழாவுக்கு முன்னால் உங்கள் தம்பி உறக்கமில்லாமல், சோறில்லாமல், ஓயாமல் பேசிக்கொண்டு திரிந்தார். நான் பயந்து செத்தேன். மேளம் அடித்ததும் துள்ளினார். பெண்கள் குலவையிட்டார்கள். மஞ்சள்நீர் ஊற்றி மாலை போட்டு, "அண்ணாச்சி மவன்மேல எறங்கிட்டாம்லே" என்று ஆளாளுக்குச் சந்தோஷப்பட்டீர்கள். கொடை முடிந்தது, சாமி மலையேறிவிட்டது என்று சொல்லி எல்லாரும் வேனில் ஏறிப் போய்விட்டீர்கள். உங்கள் தம்பிக்கு ஆட்டம் அடங்கவில்லை. அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டைப் பார்க்க ஒரு வேனும் திரும்பி வரவில்லை.

வண்ணார்பேட்டையில் டாக்டர் ஸ்வீட்லினிடம் காட்டிய பிறகுதான் வீடு வீடாயிற்று. உறங்கினார், வேலைக்குப் போனார். சொதிக் குழம்பில் முருங்கைக்காய் குறைகிறது என்று என்னோடு சண்டை பிடித்தார். அந்தச் சண்டைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? சாமி கும்பிடக்கூடாது என்று டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லை. "திருநீறு நெத்திக்கு, மாத்திரை வயித்துக்கு. ரெண்டுக்கும் சண்டை கெடையாது" என்றுதான் சொன்னார்கள். நீங்கள்தான், அவர்கள் கிறிஸ்தவர் என்பதால், "வேதக்கார டாக்டருக்கு நம்ம சாமியப் பத்தி என்ன தெரியும்" என்றீர்கள்.

போன வருஷக் கொடையில் மேளம் அடித்தபோது அவர் கைகூப்பி அமைதியாக நின்றார். எனக்கு அது வரமாகப் பட்டது. குடும்பத்துக்கு இழவு விழுந்ததுபோல் ஆகிவிட்டது. மாத்திரை சாமியைக் கட்டிப்போட்டுவிட்டதாம். இந்த வருஷம் விரதம் தொடங்கின அன்றே நீங்கள் கூப்பிட்டு, "விரதம்னா இங்கிலீஷ் மருந்தும் கூடாதுலே" என்றீர்கள். அண்ணன் சொல்லைத் தட்டாத தம்பி மாத்திரையைப் புறவாசலில் விட்டெறிந்தார். அதன் பலன்தான் வள்ளியூர்.

கேட்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். கோபித்தாலும் கேட்கத்தான் செய்வேன். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தபோது நீங்கள் சர்க்கரை மாத்திரையை விட்டீர்களா? இருமுடி கட்டுகிற அன்றைக்கு "எம் மாத்திர டப்பா எங்க" என்று வீட்டையே புரட்டினீர்கள். தேடி எடுத்துத் தந்தவள் நான். ஐயப்பன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லையே. உங்கள் ரத்தத்துக்கு மருந்து ஆகும், தம்பியின் மூளைக்கு ஆகாதா?

நேற்று ஐயம்பெருமாள் பெரிய மாமா வந்தார். புருவத்துத் தையலைப் பார்த்தார். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். "சாமி இப்பந்தான் நல்லா எறங்கியிருக்கு தாயி. செவ்வாக்கிழம கொட முடியுத மட்டும் மாத்திர குடுத்துராத. பொறவு எந்த டாக்டர்ட்டயும் கூட்டிட்டுப் போ" என்றார். நீங்களும் அவரிடம் அதையே சொன்னீர்களாம். அடிபட்டு, புத்தி தடுமாறி ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பது உங்களுக்கெல்லாம் பக்குவமாகத் தெரிகிறதா? எனக்கு வயிறு எரிகிறது, அத்தான். போகிறபோது, மதுமதிக்கு மாப்பிள்ளை பார்ப்பதால் டாக்டரிடம் போகிற விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தி வீட்டில் எங்கள் குடும்பத்தில் சாமியாடி உண்டு என்று பெருமையடிக்கலாம். மாத்திரை போடுகிறவர் உண்டு என்று மூச்சு விடக்கூடாது. நல்ல நியாயம். மதுமதி என்மேல் உயிராக இருக்கிற பிள்ளை, அவளைக் காட்டி என் வாயை அடைக்க வேண்டாம்.

கொடையை நிறுத்தச் சொல்ல நான் யார். மாடசாமி எனக்கும் சாமிதான். பொங்கலிட நான் வருவேன். சாமியாடி இல்லாமல் முடியாது என்றால் மூத்த மகன் நீங்கள் இருக்கிறீர்கள். டிக்கெட் எடுத்து வந்து நில்லுங்கள். மாமா பிடித்து ஆடின வல்லய ஈட்டி கோயிலில்தான் சார்த்தி வைத்திருக்கிறது. உங்கள் சர்க்கரை மாத்திரையை மறக்காமல் நான் எடுத்து வைக்கிறேன்.

டாக்டர் இன்றைக்கே மருந்தைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள். நான் நீட்டினால் கையைத் தட்டிவிடுகிறார். "அண்ணன் சொல்லட்டும்" என்கிறார். காலையிலிருந்து, "ஆத்துக்குள்ள இருந்து அப்பா கூப்பிடுதாவ" என்று வாசலையே பார்க்கிறார். ஆற்றில் இப்போது தண்ணீர் கூடுதலாகப் போகிறது. கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மதுமதிக்கு என் ஆசீர்வாதம். நல்ல இடம் அமையட்டும். அவள் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கச் சித்தப்பா இருக்க வேண்டும்.

படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். வழக்கம்போல "தம்பிட்ட குடும்மா" என்றே சொல்லுங்கள், இந்த ஒரு தடவை மனசாரக் கொடுக்கிறேன். கொடையைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். "மாத்திர போட்டியாலே" என்று மட்டும் கேளுங்கள். தண்ணீர்ச் செம்பையும் மாத்திரையையும் போன் பக்கத்திலேயே எடுத்து வைத்துவிட்டேன்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
சித்ரலேகா