அந்தக் கறுப்பு நூல்தானா, அக்கா?

அக்கா,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் கறை எடுக்கும் மருந்தின் வாடை வந்தது. இத்தனை வருடம் உள்ளே கிடந்த துணியில் எந்த மருந்து வாடை தங்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் வந்தது. கீழ்த்தட்டில், பாலிதீன் உறைக்குள், அந்தச் சின்ன வெள்ளைப் பனியன். நீங்கள் போய்ச்சேர்ந்த பிறகு, அம்மா நினைவாக ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்று உங்கள் மகள் கேட்டிருந்தாள். மதியம் வருகிறாள். இதைக் கொடுக்கலாமா, கொடுத்தால் என்னவென்று சொல்லிக் கொடுப்பது என்று புரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்தே பழகியவள் நான். அருள்புரம் பனியன் கம்பெனியில் நான் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டும், சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் இங்கிலீஷ் பேசிக்கொண்டும் இருந்தேன். நீங்கள் செக்கிங் டேபிள். பனியனில் ஓட்டையோ கறையோ கண்ணில் பட்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவீர்கள், தேறுவதை நீங்களே சரிசெய்வீர்கள். பல்லடம் பஸ்ஸில் நான் தலை சீவாமல் ஏறினால், “உனக்கொரு ஸ்டிக்கர் ஒட்டட்டுமா புள்ள?” என்பீர்கள். பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் கோபம் வரும், கம்பெனி வருவதற்குள் போய்விடும்.

“சரி பண்ணுன எடம் கண்ணுக்குத் தெரிஞ்சா அது வேலையே இல்ல” என்று டேபிளில் எல்லாரிடமும் சொல்வீர்கள். அந்தப் பேச்சு சரிதானா என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

பெல்ஜியத்திலிருந்து வருவாரே, அந்த பையர் அம்மா. ஐம்பதைத் தாண்டியவர், இட்லிக்குச் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார், குழந்தைத் துணி மட்டுமே ஆர்டர் கொடுப்பார். எண்பதுகளின் கடைசியில் ஒரு தடவை வந்தபோது கைப்பையிலிருந்து ஒரு பழைய பனியனை எடுத்தார். ஒன்றிரண்டு வயதுப் பிள்ளை போட்டது. பழுப்பேறி, நெஞ்சில் ஒரு கறையோடு, அக்குளுக்குக் கீழே கிழிந்த இடத்தில் கறுப்பு நூலால் தாறுமாறாகத் தைத்திருந்தது. இதேபோல் ஒன்று வேண்டும் என்றார். பையர் கொடுத்த உருப்படியைப் பார்த்து அதேபோல் தைத்துக் காட்டுவது நமக்கு அன்றாட வேலை. அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கோயம்புத்தூர் கிளம்பும் அவசரத்தில் அதை உங்கள் கையில் வைத்து, விரல்களை மூடி, “டேக் கேர் ஆஃப் இட்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

நம் கம்பெனியில் அந்தப் பேச்சுக்கு ஒரே அர்த்தம்தான். கறை இருக்கிறது, டேக் கேர். கழுத்துத் தையல் கோணல், டேக் கேர். சரி பண்ணிவிடு என்று அர்த்தம். பத்திரமாக வைத்திரு என்றும் அதற்கு ஓர் அர்த்தம் இருப்பது செக்கிங் டேபிளுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் சரி பண்ணினீர்கள். சாப்பாட்டு நேரத்தில்கூட எழுந்து போகாமல், அந்தக் கறுப்புத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, வெள்ளை நூலால் இழையோடு இழை சேர்த்து, மருந்து அடித்துக் கறையையும் எடுத்தீர்கள். அந்த அம்மா திரும்பி வந்ததும், பழையதையும் புதிதாகத் தைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தீர்கள். “பாருங்க மேடம், எங்க கிழிஞ்சுதுன்னே தெரியாதுங்க.” எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்!

அவர் பழைய பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கே அது?” என்று என்னிடம் கேட்டார். எது என்று கேட்டேன். “அம்மா தைத்தது” என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் சொன்னார். நான் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் கேட்டீர்கள். நாஜிகள் யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டு போன காலம். அவருக்கு ஏழெட்டு வயது, தம்பிக்கு ஒன்றரை. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம் பிள்ளைகளை ஒளித்து வைக்கக் கொடுக்கும்போது, தம்பியின் பனியன் கிழிந்திருப்பதை அம்மா பார்த்திருக்கிறார். கைக்குக் கிடைத்தது கறுப்பு நூல். நின்ற நிலையில் தைத்துப் போட்டு அனுப்பினாராம். தம்பி அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். அப்பாவும் அம்மாவும் கொலை முகாமுக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகப்பட்டவர்கள், திரும்பி வரவில்லை. போட்டோ இல்லை, கையெழுத்து இல்லை. அம்மா கைபட்டது இது ஒன்றுதான். அப்படி மாண்டவர்களின் பொருட்களையும் போட்டோக்களையும், தப்பியவர்கள் வாயால் சொன்ன சாட்சியங்களையும் சேர்த்துவைக்கும் காப்பகம் ஒன்றுக்கு இதைக் கொடுக்கப் போகிறாராம். கொடுத்தபின் தன் கையில் ஒன்றும் இருக்காதே என்றுதான் இன்னொன்று தைக்கச் சொன்னாராம்.

நீங்கள் அழவில்லை. நேரே போய் வேஸ்ட் மூட்டைகளை அவிழ்த்துத் தரையில் கொட்டினீர்கள். டேபிளில் இருந்த அத்தனை பெண்களும் உட்கார்ந்து, நீங்கள் பிரித்துப் போட்ட நூலைத் தேடினோம். நம் கம்பெனியிலும் கறுப்பு நூல் ஓடுகிறதே அக்கா, எத்தனை துணுக்குகள்! கடைசியில் ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றீர்கள்.

“இதாட்டத்தான் இருந்துதுங்க. ஆனா இதேதான்னு சொல்லத் தெரியலீங்க.”

முதலாளி உங்கள் காதருகில் வந்தார். “இதுதான்னு சொல்லிப்போடு. அந்தம்மாளுக்கு மனசு ஆறட்டும்.”

“தெரியாததத் தெரியும்னு எப்படீங்க சொல்றது? அவிய அத்தன தூரம் கொண்டுபோய்ப் பத்திரமா வெக்கப் போறாங்க. பொய்யவா வெக்கிறது?”

எனக்கு அப்போது உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். இன்றைக்கும் நீங்கள் செய்தது சரிதானா என்று ஒரு நாள் தோன்றும், வேறென்ன செய்திருக்க முடியும் என்று மறுநாள் தோன்றும்.

அந்த அம்மா அந்தத் துண்டை வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பிறகு பையிலிருந்து சின்ன டேப் ரெக்கார்டரை எடுத்தார். அந்தத் தையலைக் கடைசியாகப் பார்த்தவர் நீங்கள்தான், எப்படி இருந்தது என்று சொல்லுங்கள் என்றார். நீங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

“பதட்டத்துல தச்ச தையலுங்க. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. கடைசி முடிச்சு மட்டும் அத்தன கெட்டி. பிரிக்கவே முடியலீங்க, கத்தரிதான் போட்டேன்.” யாரையும் பார்க்காமல், “தெரியாமப் பண்ணிப்போட்டேன். மன்னிச்சுக்க தாயி” என்றீர்கள்.

கடைசியில் என்ன சொன்னார் என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். அது உங்களுக்குச் சொன்னதில்லை, உங்கள் அம்மாவுக்குச் சொன்னது என்றேன். அவர் தலையசைத்து டேப்பை அணைத்தார்.

புதிய பனியனை அவர் எடுத்துப்போகவில்லை. “அதில் அந்தத் தையல் இல்லையே” என்றார். அதன் பிறகு நீங்கள் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் புதுசை அக்குளுக்குக் கீழே கத்தரியால் கிழித்து, கறுப்பு நூல் கோத்து, பார்த்த தையலை அப்படியே போட உட்கார்ந்தீர்கள். போடுவீர்கள், பிரிப்பீர்கள். “கை கேக்க மாட்டேங்குது புள்ள. நேராவே வருது.” ஒரு நாள் எழுந்து நின்றுகொண்டே தைத்துப் பார்த்தீர்கள். கொஞ்சம் கோணலாக வந்தது. அடுத்த சீசன் அவர் வந்தால் கொடுக்கலாம் என்று என்னிடம் வைத்திருக்கச் சொன்னீர்கள். அதுதான் பீரோவில் இருந்தது. அவர் வரவில்லை, கடிதம்தான் வந்தது. பனியன், ஒரு சின்ன உறையில் அந்த நூல், உங்கள் பேச்சு மூன்றும் காப்பகத்தில் இருக்கின்றன என்று எழுதியிருந்தார். நூல் உறையின் மேல் ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறார்களாம். நீங்கள் சொன்னதை அப்படியே!

நான் அதை வாசித்துக் காட்டியதும், “சாகாமத் தப்புனவிய பேச்சுக்கு நடுவுல எம்பேச்சு எதுக்கு புள்ள? கெடுத்தவதான நானு?” என்று கேட்டீர்கள். நான் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். எனக்குத் தெரியவில்லை அக்கா. இப்போதும் தெரியவில்லை.

மதியம் உங்கள் மகள் வந்து போய்விட்டாள். அதனால்தான் இந்த மடலை இப்போது முடிக்க முடிகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பனியனை அவள் மடியில் வைத்தேன். கறுப்புத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அம்மா தச்சதுங்களா? இவ்வளவு கோணலாவா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இது யார் அம்மாவின் தையல்? தலையை மட்டும் ஆட்டினேன். மற்றதை அவளுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும். உங்கள் குரல் கடல் கடந்த ஊரில் இன்னும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பனியன் ஓரத்தில் இருந்த பழுப்பைக் காட்டினாள். நீங்கள் ஊசி குத்திக்கொண்ட அன்று பட்ட ரத்தம் அது.

“இது துவைச்சாப் போயிருமுங்க. துவைச்சு வெச்சுக்கறனுங்க.”

“வேண்டாம் கண்ணு” என்றேன். நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்துவிட்டாள். “அப்படியே வெச்சுக்க.”

பனியன் போய்விட்டது. பீரோவின் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது. அந்தத் தாய் போட்ட, கத்தரி போட்டால் ஒழிய அவிழாத அந்த ஒரு முடிச்சு மட்டும், நீங்கள் சொல்லக் கேட்டதே தவிர நான் கண்ணால் பார்க்காதது, என்னிடமே இருக்கிறது.