பதினைந்து சஹன்

வெள்ளவத்தை,
சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் அஷ்ரப் அறிய உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், வாப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது அவரோடு கோபித்துக்கொள்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடி உறங்கி, சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். தினமும் போனில் கதைக்கிற உம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் என்றால் வாப்பா பக்கத்தில் இருந்து பாதியில் பறித்துத் தானே சொல்லி முடித்துவிடுவார், இது நானே முழுசாகச் சொல்ல வேண்டிய கதை. உன் கூட்டாளி இஸ்ஸதீன் லீவு முடிந்து திங்கட்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

லீவு கிடைக்காமல் தங்கச்சி நிம்றாவின் கலியாணத்தை நீ போனில்தான் பார்த்தாய், பாவம் என் பிள்ளை. மேடையும் மாப்பிள்ளையும் தெரிந்திருக்கும், மண்டபத்துக்குப் பின்னால் உன் உம்மா செய்த வேலை தெரிந்திருக்காது. நிம்றாவைத்தான் உனக்குத் தெரியுமே. தெஹிவளையில் சிநேகிதி ஒருத்தியின் கலியாணத்தில் கை கழுவப் போனவள் பின்கதவால் பார்த்திருக்கிறாள், யாரும் கை வைக்காத புரியாணியைச் சஹன் சஹனாகக் கறுப்புப் பையில் கொட்டினார்களாம், ஒரு வாய் குடித்த குட்டித் தண்ணீர்ப் போத்தல்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தனவாம். அன்றைக்கே வந்து சொன்னாள், எண்ட கலியாணத்தில ஒரு சோறும் குப்பைக்குப் போகக் கூடாது உம்மா, எனக்கு வேற ஒண்டும் வேணாம், இத மட்டும் செஞ்சி தாங்க என்று. போத்தல் வேண்டாம், ஜக்கும் கிளாஸும் போதும். வட்டிலப்பம் பிளாஸ்டிக்கில் இல்லை, கண்ணாடிக் கோப்பையில். ஆறு பேர் சுற்றி இருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டில் மலை மாதிரிக் குவிக்காமல் பாதி வைத்து, கேட்கக் கேட்கச் சூடாகப் போட வேண்டும். நானும் ஓம் மகள் என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்தேனே தவிர பயம் விடவில்லை. என் கலியாணத்தில் கடைசி வரிசைக்குச் சோறு இல்லாமல் போய், காலி வீதிப் பேக்கரியில் பணிஸ் வாங்கிக் கொடுத்த கதை உனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷமாக வாப்பாவின் மூத்த சகோதரி அர்பா மாமி எந்த விருந்துக்கு வந்தாலும், மர்லியாட கலியாணத்தில நாங்க பணிஸ் திண்ட ஆக்கள் என்று சொல்லாமல் எழும்ப மாட்டார். பாதிச் சஹனைக் கண்டால் மனுஷி என்ன சொல்லுவாரோ என்று நினைத்து நினைத்து, கலியாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது நிம்றாவுக்குத் தெரியாமல் சமையல்கார மர்ஸூக் நானாவுக்குப் போன் செய்து, பதினஞ்சி சஹன் கூடப் போடுங்க, ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் என்றேன். அவரும் சரி தங்கச்சி என்று வைத்துவிட்டார்.

கலியாணத்தன்று ளுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் உட்காரும் நேரம் பின்னால் போய்ப் புரியாணிக் கிடாரங்களை எண்ணினேன். நாலுதான் இருந்தது, நான் கூடச் சொன்ன பதினைந்து சஹனுக்கான ஐந்தாவது இல்லை. யா அல்லாஹ்! கழுவ வந்த பெண்கள், பரிமாற வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், எங்கட மானத்த வாங்கத்தானா வந்தீங்க, உங்கள நம்பினேனே என்று அந்த நரைத்த மனுஷனைப் பார்த்துக் கத்தினேன். அவர் கோபிக்கவில்லை. அடுப்பு எரியிது தங்கச்சி, அரிசியும் கோழியும் பக்கத்திலதான் ஈக்கிது, கொறயிற மாதிரித் தெரிஞ்சா முக்கா மணித்தியாலத்தில எறக்குவன், நீங்க போய் புள்ளைக்குப் பக்கத்தில நில்லுங்க என்றார்.

பிள்ளைக்குப் பக்கத்தில் எங்கே நின்றேன், அர்பா மாமியின் சஹனுக்குப் பின்னால் தூண் மாதிரி நின்றேன். பாதிச் சஹன் வந்தது, முடிந்தது, கேட்டார்கள், ஆவி பறக்க வந்தது, மறுபடி கேட்டார்கள், மறுபடி வந்தது. கடைசியில் மாமி விரலை நக்கிக்கொண்டு, மர்லியா, இப்பிடிச் சூட்டோட ஒரு கலியாணத்திலயும் நான் தின்னல்ல என்றார். பணிஸ் என்ற சொல் அன்று அவர் வாயில் வரவே இல்லை மகன்! கடைசி வரிசையும் வயிறு நிறைந்து எழும்பியது. மிஞ்சியது ரெண்டு சஹன் கூட வராது, அதையும் கழுவ வந்த பெண்கள், நிம்றா முதல் நாளே சொல்லிக் கொண்டுவரச் செய்த பெட்டிகளில் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். குப்பை வாளியில் எலும்பும் ரம்பை இலையும்தான் கிடந்தன.

ஆட்கள் போன பிறகு மர்ஸூக் நானா வாய் கட்டிய அரிசிச் சாக்கு ஒன்றைத் தூக்கிவந்து எங்கள் வேனில் வைத்தார். சமைக்காமல் வைத்திருந்த கோழி மறுநாள் வேறு கலியாணத்துக்குப் போகுமாம். சாக்கின் மேல் மார்க்கரால் எழுதியிருந்தது, உம்மாட பயம், 15 சஹன் என்று. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவர் சொன்னார், முப்பது வருஷமா ஆக்கிறன் தங்கச்சி, கூடப் போடுங்க எண்டு போன் கோல் எடுக்காத உம்மா ஒருத்தரும் இல்ல. முந்தி கேட்டதையெல்லாம் ஆக்கினன், எண்ட கையால ஆக்கின சோத்த எண்ட கையாலயே குழி வெட்டிப் புதைச்சன். இப்ப பயத்த சாக்கிலயே வைச்சிக்கிறன் என்று. நான் அழுதுவிட்டேன். மாப் பண்ணுங்க நானா என்றேன், அவர் சாக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிடாரம் கழுவப் போய்விட்டார்.

நிம்றா மாப்பிள்ளையோடு முதல் தடவை சாப்பிட வந்த அன்று அந்தச் சாக்கைத்தான் பிரித்தேன். அவளிடம் ஒளிக்க எனக்கு மனம் வரவில்லை, குசினிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி, வாக்கு மீறிவிட்டேன் மகள் என்றேன். சாக்கில் இருந்ததை ரெண்டு தரம் வாசித்தாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, சோத்தக் கொட்ட வேணாம் எண்டுதானே உம்மா நான் சொன்ன, பயப்பட வேணாம் எண்டு சொல்லல்லயே என்றாள். இப்படி ஒரு பிள்ளையைத் தந்ததற்கும், அப்படி ஒரு மனுஷனை எங்கள் அடுப்புக்கு அனுப்பியதற்கும் எவ்வளவு ஷுக்ர் செய்தாலும் எனக்குப் போதவில்லை.

நீயும் தனியாக ஆக்கும்போது அளந்து போடு, மிஞ்சினால் மறுநாள் பொரித்துச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே. இஸ்ஸதீன் தரும் மாசிச் சம்பல் போத்தலைச் சாப்பிட்டு முடித்ததும் எறிந்துவிடாமல் கழுவி, மூடியோடு, வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. உன் கலியாணத்துக்கும் நான் கட்டாயம் கோல் எடுப்பேன், என்னை இனித் திருத்த முடியாது. அதனால் மர்ஸூக் நானாவின் ஆயுசுக்கு நீயும் துஆச் செய். அல்லாஹ் உன்னை எல்லாக் கஷ்டத்திலிருந்தும் பாதுகாக்கட்டும், உன் கையில் பரக்கத்தைத் தரட்டும்.

இன்று பகல் அந்தச் சாக்கின் கடைசிச் சுண்டு அரிசியை உலையில் போட்டேன். வெறுஞ் சாக்கைக் கழுவிப் பல்கனியில் காயப் போட்டிருக்கிறேன், எத்தனை தரம் தேய்த்தும் எழுத்துப் போகவில்லை. பரவாயில்லை, மர்ஸூக் நானாவிடமே திருப்பிக் கொடுக்கப் போகிறேன், அடுத்த உம்மாவுக்கு அவர் புதிதாக எழுதத் தேவையில்லை.

இப்படிக்கு,
உன் வரவுக்காகக் காத்திருக்கும் உம்மா,
மர்லியா